கதிரவன் வழி நடந்த கடிகாரங்கள்

ஒரு மணி நேரம் எவ்வளவு என்று கேட்டால், ஆரம்பப் பள்ளிச் சிறுவனும் அறுபது நிமிடம் என்று தயங்காமல் விடை கூறுவான். கோடையாயினும் குளிர்காலமாயினும், பகலாயினும் இரவாயினும், அந்த அறுபதில் ஒன்று கூடுவதுமில்லை; குறைவதுமில்லை. ஆனால் இற்றைக்குச் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்வரை ஜப்பான் நாட்டில் இவ்விடை செல்லுபடியாகாது. அங்கே கோடைப் பகலின் மணி நீண்டது. குளிர்காலப் பகலின் மணி குறுகியது. அவ்வாறு நீண்டும் குறுகியும் செல்லும் மணிகளைக் காட்டுவதற்கென்றே அந்நாட்டுக் கைவினைஞர்கள் தனிவகைக் கடிகாரங்களைப் படைத்தார்கள்.

'வாதொகேய்' என்பது அவற்றின் பெயர். ஜப்பானியக் கடிகாரம் என்பதே அதன் பொருள். இன்று அவை எவர் வீட்டிலும் நேரம் காட்டுவதில்லை. டோக்கியோ, மட்சுமோட்டோ முதலிய ஜப்பானிய நகரங்களிலும், லண்டன் போன்ற மேலை நகரங்களிலும் உள்ள காட்சிசாலைகளில் கண்ணாடிப் பேழைகளுக்குள் அமைதியாக நிற்கின்றன. ஆயினும் அவற்றின் முன் சற்றுப் பொறுமையுடன் நிற்பவருக்கு அவை ஒரு நீண்ட கதையைச் சொல்லும். அக்கதையின் முதல் ஏடு நமக்கு அந்நியமானதன்று. அதைத் திறந்து வைத்தவர் நம் முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியார்.

சவேரியார் அளித்த பரிசு

1542-ஆம் ஆண்டு முதல் தென்கோடிக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து பரதவர் குலச் சிறுவர்களுக்கு மந்திரங்களைக் கற்பித்த சவேரியார், 1549-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமா துறைமுகத்தில் வந்து இறங்கினார். தொடக்கத்தில் அவர் ஏழைத் துறவியின் கோலத்திலேயே ஆட்சியாளர்களை அணுகினார். அக்கோலம் அந்நாட்டுப் பிரபுக்களிடம் எடுபடவில்லை. எனவே 1551-ஆம் ஆண்டில் யமகுச்சி நகரை ஆண்ட ஓவுச்சி யோஷித்தாக்கா என்னும் பிரபுவை மீண்டும் காணச் சென்றபோது, கோவாவிலிருந்த போர்த்துகீசிய ஆளுநரின் தூதர் என்ற முறையில் தகுந்த உடையணிந்து, கடிதங்களும் காணிக்கைகளும் ஏந்திச் சென்றார். அக்காணிக்கைகளுள் ஒன்று கடிகாரம். ஜப்பான் மண்ணில் ஓடிய முதல் இயந்திரக் கடிகாரம் அதுவே என்பர் வரலாற்றாசிரியர்.

பிரபு மகிழ்ந்தார். நற்செய்தியை அறிவிக்க அனுமதியளித்ததுடன், தங்கியிருக்க இடமும் கொடுத்தார். ஆனால் அதே ஆண்டில் அவருடைய படைத்தலைவனே கலகம் செய்ததால் அவர் உயிரிழந்தார். சவேரியாரும் ஜப்பானை விட்டுப் புறப்பட்டு, 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கடலோரத் தீவொன்றில் ஆண்டவரிடம் சென்றார். அவர் அளித்த கடிகாரம் எந்தக் காட்சிசாலையிலும் இல்லை. அது விட்டுச்சென்ற ஆவல் மட்டும் நிலைத்து நின்றது.

அவருக்குப் பின் வந்த இயேசு சபையார் தங்கள் கல்விக்கூடங்களில் ஜப்பானிய இளைஞர்களுக்கு மறைக்கல்வியோடு ஓவியம், இசைக்கருவி செய்தல், அச்சுத்தொழில், கடிகாரம் செய்தல் ஆகியவற்றையும் கற்பித்தனர். இரும்பைக் காய்ச்சி வாளும் பூட்டும் செய்வதில் தேர்ந்திருந்த அந்நாட்டுக் கொல்லர்களுக்குப் பற்சக்கரம் செய்வது அரிதாக இருக்கவில்லை.

தங்கிய கடிகாரம், துரத்தப்பட்ட குருக்கள்

ஜப்பானில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய இயந்திரக் கடிகாரம் ஷிஸுவோக்கா நகருக்கு அருகே குனோஸான் மலைமேலுள்ள தோஷோகு ஆலயத்தின் காட்சிசாலையில் இருக்கின்றது. அதில் ஹான்ஸ் டி எவாலோ என்ற கைவினைஞரின் பெயரும், மாட்ரிட் என்ற ஊர்ப்பெயரும், 1581 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. அது அங்கு வந்து சேர்ந்த வரலாறு உருக்கமானது.

1609-ஆம் ஆண்டில் மணிலாவிலிருந்து மெக்சிகோ நோக்கிச் சென்ற 'சான் பிரான்சிஸ்கோ' என்னும் ஸ்பானியக் கப்பல் புயலில் சிக்கி, ஒன்ஜுக்கு என்ற ஜப்பானியக் கடலோரச் சிற்றூருக்கு அருகே உடைந்தது. கரையில் ஒதுங்கிய முந்நூறுக்கும் மேற்பட்டோரை ஏழை மீனவ மக்கள் காப்பாற்றி, உணவும் உடையும் அளித்துப் பேணினர். நாட்டின் பெருந்தலைவரான தொக்குகாவா இயேயாசு அவர்கள் ஊர் திரும்புவதற்குக் கப்பலும் கொடுத்தார். இதற்கு நன்றியாக ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பு அனுப்பிய தூதர் 1611-ஆம் ஆண்டில் இயேயாசுவிடம் இக்கடிகாரத்தைக் கையளித்தார்.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1614-ஆம் ஆண்டில் இயேயாசுவின் அரசு கிறிஸ்தவ மறையை நாடு முழுவதும் தடை செய்தது. குருக்கள் கப்பலேற்றப்பட்டனர், ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மறுதலிக்க மறுத்தோர் பல்லாயிரம் துன்பங்களுக்கு ஆளாயினர். ஆனால் கடிகாரத்தை மட்டும் எவரும் துரத்தவில்லை. இயேயாசு 1616-ஆம் ஆண்டில் இறந்தபின் அது அவருடைய நினைவுப் பொருளாகக் குனோஸானில் போற்றிக் காக்கப்பட்டது. பரிசுப் பொருளை வைத்துக்கொண்டு பரிசளித்தவர்களின் விசுவாசத்தை வெளியே தள்ளிய அந்த நாட்டின் கதவுகள், 1639-ஆம் ஆண்டில் போர்த்துகீசியரும் வெளியேற்றப்பட்டபின் ஏறத்தாழ முற்றிலும் மூடிக்கொண்டன. உள்ளே தனித்து விடப்பட்ட கடிகாரக் கலை, தன் சொந்த வழியில் வளரத் தொடங்கியது.

நீண்டு குறுகும் மணி

ஜப்பானியர் பகலை விடியல் முதல் அந்தி வரை ஆறு பாகமாகவும், இரவை அந்தி முதல் விடியல் வரை ஆறு பாகமாகவும் வகுத்திருந்தனர். ஆகவே ஒரு பாகம் நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆனால் ஏறத்தாழ மட்டுமே. டோக்கியோவில் கோடையின் நடுவில் கதிரவன் பதினான்கரை மணி நேரம் வானில் இருக்கும். குளிர்காலத்தின் நடுவிலோ பத்து மணி நேரத்துக்கும் குறைவு. விடியலின் ஒளியையும் அந்தி ஒளியையும் சேர்த்துக் கொண்டால், கோடைப் பகலில் ஒரு பாகம் இரண்டரை மணிக்கு மேலும், குளிர்காலப் பகலில் இரண்டு மணிக்குக் குறைவாகவும் அமையும். இரவுக்கு இது நேர்மாறு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இவ்வேற்றுமை அவ்வளவாகப் புலப்படாது. அங்குள்ள உழவனுக்கோ அது வாழ்வின் பெரும் உண்மை.

பாகங்களுக்கு அவர்கள் இட்ட எண்களும் விந்தையானவை. நள்ளிரவு ஒன்பது, அடுத்து எட்டு, ஏழு, விடியல் ஆறு, பின்னர் ஐந்து, நான்கு, நண்பகல் மீண்டும் ஒன்பது, அதன்பின் எட்டு, ஏழு, அந்தி ஆறு, இரவில் ஐந்து, நான்கு. ஒன்றும் இரண்டும் மூன்றும் இல்லவே இல்லை. ஒன்பது மங்கல எண். ஒன்பதாம் வாய்பாட்டைச் சொல்லிப் பார்த்தால் 9, 18, 27, 36, 45, 54 என்று கடைசி இலக்கம் ஒவ்வொன்றாகக் குறைந்து வருவதைக் காணலாம். அதுவே இவ்வரிசைக்குக் காரணம் என்று விளக்குவர். பிற்பகல் எட்டாம் மணியளவில் உண்ட சிற்றுண்டிக்கு எட்டு என்ற சொல்லாலேயே பெயர் வந்தது. ஜப்பானியத் தாய்மார் இன்றும் பிள்ளைகளின் மாலைத் தின்பண்டத்தை 'ஒயாட்சு' என்றே அழைக்கின்றனர். மணிக்கணக்கு மறைந்தது, தின்பண்டத்தின் பெயரில் அது வாழ்கிறது.

இம்முறை நம் விசுவாச மரபுக்கும் புதியதன்று. திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையில் வரும் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி என்பவையெல்லாம் கதிரவனோடு நீண்டு குறுகும் மணிகளே. பண்டைத் துறவியரும் தங்கள் செபவேளைகளை அவ்வாறே கணக்கிட்டனர். சமமான மணிகளை ஐரோப்பியருக்குப் பழக்கப்படுத்தியது இயந்திரக் கடிகாரமே. அங்கே மனிதர் இயந்திரத்துக்கு இசைந்தனர். ஜப்பானிலோ இயந்திரத்தையே கதிரவனுக்கு இசைய வைத்தனர். இக்கடிகாரங்களின் தனிப்பெருமை இதுவே.

கைவினைஞரின் கூர்மதி

இயந்திரத்தின் இயல்பு ஒரே சீராக ஓடுவது. அதை எவ்வாறு நாளுக்கு நாள் வேறுபட ஓடச் செய்வது?

பழைய கடிகாரங்களின் உச்சியில் ஒரு குறுக்குத் தண்டு இடமும் வலமுமாக அசைந்து கொண்டிருக்கும். அதன் இரு புறமும் பல்பல்லாக வெட்டுகள் இருக்கும். அவ்வெட்டுகளில் இரு சிறு எடைகள் தொங்கும். எடைகளை வெளிப்புறம் நகர்த்தினால் தண்டு மெதுவாக அசையும், மணி நீளும். உட்புறம் நகர்த்தினால் விரைந்து அசையும், மணி குறுகும். ஆகவே காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எவரேனும் எடைகளை மாற்றி வைக்க வேண்டும். பிரபுக்களின் மாளிகைகளில் இதற்கெனவே ஆட்கள் அமர்த்தப்பட்டனர்.

நாள்தோறும் இருமுறை செய்ய வேண்டிய இவ்வேலையைக் குறைக்க எண்ணிய ஒரு கைவினைஞன் ஒன்றுக்கு இரண்டாகத் தண்டுகளைப் பொருத்தினான். ஒன்று பகலுக்கு, மற்றொன்று இரவுக்கு. விடியலிலும் அந்தியிலும் கடிகாரம் தானாகவே ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும். பருவங்களுக்கேற்ப ஏறத்தாழ பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடைகளை நகர்த்தினால் போதும். பிற்காலத்தில் மற்றொரு வழியும் தோன்றியது. இயந்திரத்தை ஒரே சீராக ஓடவிட்டு, முகப்பிலுள்ள எண் தகடுகளை மட்டும் நெருக்கியும் விலக்கியும் வைத்தனர். ஐரோப்பாவில் 1656-ஆம் ஆண்டில் ஹாய்கன்ஸ் என்னும் அறிஞர் ஊசற்குண்டைக் கடிகாரத்தில் பொருத்திய பின்பு, அங்கே பழைய குறுக்குத் தண்டு படிப்படியாக வழக்கொழிந்தது. ஜப்பானிலோ அது மேலும் இரு நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அறியாமையால் அன்று, அவர்களுடைய மணிக்கு அதுவே பொருத்தமாக இருந்தமையால்.

1796-ஆம் ஆண்டில் ஹொசோக்காவா ஹான்ஸோ என்பவர் கடிகாரங்களும் அசையும் பொம்மைகளும் செய்யும் முறையைப் படங்களுடன் விளக்கி ஒரு நூலையே வெளியிட்டார். தேநீர்க் கிண்ணத்தை ஏந்தி விருந்தினரிடம் நடந்து வரும் பொம்மைக்கும் கடிகாரத்துக்கும் உள்ளிருக்கும் கலை ஒன்றே.

காட்சிசாலைகளில் காணத்தக்கவை

டோக்கியோவின் கின்சா பகுதியில் உள்ள சைக்கோ காட்சிசாலை, 1981-ஆம் ஆண்டில் வேறோரிடத்தில் தொடங்கப்பெற்று 2020-ஆம் ஆண்டில் இங்கு இடம் பெயர்ந்தது. வாதொகேய் வகைகள் அனைத்தையும் ஒருங்கே காண விழைவோர் இங்கிருந்து தொடங்கலாம். நான்கு பக்கமும் சரிந்து உயரும் மரப்பீடத்தின்மேல் நிற்கும் கோபுரக் கடிகாரம். அதன் எடைகள் பீடத்தினுள்ளே கயிற்றில் இறங்குகின்றன. சுவரில் தொங்கும் விளக்கு வடிவக் கடிகாரம். எடைக்குப் பதிலாக வில்சுருளால் இயங்கி, அழகிய மரப்பெட்டிக்குள் அடங்கிய மேசைக் கடிகாரம். இடைக்கச்சையில் தொங்கவிடும் சிறு செப்புக்குள் பொதிந்த கடிகாரம். இவற்றுள் எளியதும் இனியதும் தூண் கடிகாரமே. காகிதத் திரைகளாலான ஜப்பானிய வீட்டில் பளுவைத் தாங்கும் சுவர் அரிது, தூண் உண்டு. நீண்டு ஒடுங்கிய அக்கடிகாரத்தைத் தூணில் மாட்டுவர். முள் வட்டமாகச் சுற்றுவதில்லை. எடையோடு சேர்ந்து மேலிருந்து கீழே இறங்கி, அளவுகோல் போன்ற தகட்டில் நேரத்தைச் சுட்டும். பருவம் மாறினால் தகட்டை மாற்றினால் போதும்.

அதே நகரின் யானாக்கா பகுதியில் ஒரு சிறு காட்சிசாலை உண்டு. மேலைநாட்டு உடை தைக்கும் தொழில் செய்து, பின்னர் மட்பாண்டக் கலையில் ஈடுபட்ட காமிகுச்சி குரோ என்பவர், எவரும் சீந்தாத காலத்தில் இக்கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1951-ஆம் ஆண்டில் அவற்றைக் காக்க ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அவர் 1970-ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய சேகரிப்பு 1974-ஆம் ஆண்டில் 'பிரபுக் கடிகாரக் காட்சிசாலை' என்ற பெயரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சிறு நிறுவனமாதலால், செல்ல விரும்புவோர் திறந்திருக்கும் நாள்களை முன்னதாக விசாரித்துக்கொள்வது நலம்.

மலைகள் சூழ்ந்த மட்சுமோட்டோ நகரின் கடிகாரக் காட்சிசாலையும் இத்தகைய ஒருவரின் ஈகையால் பிறந்ததே. ஹொண்டா சிக்காஸோ என்ற பொறியாளர் தம் வாழ்நாள் சேகரிப்பை 1974-ஆம் ஆண்டில் அந்நகருக்கு நன்கொடையாக வழங்கினார். 2002-ஆம் ஆண்டில் அதற்குத் தனிக் கட்டடம் அமைந்தது. இயன்றவரை கடிகாரங்களை ஓடும் நிலையிலேயே வைத்திருப்பது இங்குள்ள சிறப்பு. ஓடாத கடிகாரம் பாதி உண்மையையே சொல்லும். அதன் ஒலியைக் கேட்கும்போதுதான் அது நமக்குப் புரிகின்றது.

பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்

டோக்கியோ, உவேனோவிலுள்ள தேசிய அறிவியல் காட்சிசாலையில் இக்கலையின் சிகரத்தைக் காணலாம். குருமே என்னும் ஊரில் 1799-ஆம் ஆண்டில் பிறந்து, இளமையில் அசையும் பொம்மைகளால் புகழ் பெற்ற தனாக்கா ஹிசாஷிகே 1851-ஆம் ஆண்டில் முடித்த 'பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம்' அது. அதற்கு ஆறு முகங்கள். ஒன்றில் ஜப்பானிய மணி. ஒன்றில் மேலைநாட்டு மணி. ஏனையவற்றில் பருவங்கள், வாரநாள், நாள்களின் அறுபது சுழற்சி, மாதத் தேதியோடு வளர்ந்து தேயும் பிறை. உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஜப்பான் நாட்டின்மேல் கதிரவனும் திங்களும் வலம் வருகின்றன. ஒருமுறை முறுக்கினால் ஓராண்டளவு ஓடும்படி அமைக்கப்பட்டது. ஜப்பானிய மணி காட்டும் முகத்தில் எண் தகடுகள் பருவத்துக்கேற்பத் தாமாகவே நெருங்கியும் விலகியும் நகரும். இரு நூறாண்டுகளாக மனிதக் கை செய்து வந்த வேலையை இறுதியில் சக்கரமே செய்தது.

2004-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பெருமுயற்சியில் பொறியாளர்கள் இதைப் பிரித்து ஆராய்ந்து மறுபடி ஒன்றைச் செய்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகளை அரத்தையும் பொறுமையையும் கொண்டு ஒரு மனிதர் உருவாக்கினார் என்பது அவர்களையே வியக்கச் செய்தது. தனாக்கா பிற்காலத்தில் டோக்கியோவில் தொடங்கிய பட்டறையே இன்றைய தோஷிபா நிறுவனத்தின் வேர்.

1873: ஒரே ஆண்டில் இரு செய்திகள்

இவ்வளவு கூர்மதியும் ஒரே ஆணையால் பயனற்றுப் போயிற்று. நாட்டைப் புதுமைப்படுத்த முனைந்த மெய்ஜி அரசு, 1873-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல் மேலைநாட்டு நாட்காட்டியையும் சமமான இருபத்துநான்கு மணியையும் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. முந்திய ஆண்டே இரயில் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. இரயில் கதிரவனுக்காகக் காத்திராது. பழைய கணக்கின்படி வரவிருந்த ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். அவ்வாண்டின் கூடுதல் மாதச் சம்பளம் மிச்சமாகும் என்ற எண்ணமும் அரசுக்கு இருந்தது. தலைமுறைகளாகக் கடிகாரம் செய்த குடும்பங்கள் தொழிலிழந்தன. கடிகாரங்கள் சில சமமணிக்கு மாற்றப்பட்டன. பல பழைய இரும்பாகப் போயின. பல மேலைநாட்டாரிடம் விலைபோயின. லண்டன் காட்சிசாலைகளில் அவற்றை நாம் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்று ஜப்பான் ஏற்றுக்கொண்ட நாட்காட்டி, 1582-ஆம் ஆண்டில் பாப்பரசர் 13-ஆம் கிரகோரியார் திருத்தி அளித்தது. அதே பாப்பரசர்தாம் 1585-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உரோமையில், ஜப்பானிலிருந்து முதன்முதல் வந்த கிறிஸ்தவ இளைஞர் தூதுக்குழுவினரை ஆரத் தழுவி வரவேற்றவர். அவர்களுள் ஒருவரான ஜூலியன் நாக்கவுரா பின்னர்க் குருவாகி, 1633-ஆம் ஆண்டில் நாகசாகியில் வேதசாட்சியாக மரித்தார். 2008-ஆம் ஆண்டில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். பாப்பரசரின் நாட்காட்டி அந்நாட்டை அடைய, அவருடைய ஆசீர் பெற்ற இளைஞர்களின் காலத்திலிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின.

நாட்காட்டி மாறிய அதே 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், கிறிஸ்தவ மறையைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நாகசாகியை அடுத்த உரக்காமியிலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகளுள் எஞ்சியிருந்தோர் வீடு திரும்பினர். நாடுகடத்தப்பட்டோருள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே துன்பத்திலும் நோயிலும் உயிர்நீத்திருந்தனர்.

கடிகாரமின்றிக் காலம் காத்தவர்கள்

காட்சிசாலைகளில் காணக்கிடைக்காத ஒரு காலக்கணக்கும் ஜப்பானில் இருந்தது. வேதகலாபனையின் கொடிய நாள்களில், பாஸ்தியான் என்னும் ஜப்பானிய உபதேசியார் 1634-ஆம் ஆண்டுக்குரிய திருநாள் நாட்காட்டியை மறைந்து வாழ்ந்த விசுவாசிகளுக்கு விட்டுச் சென்றார் என்பது மரபு. குருவில்லை, பூசையில்லை, ஆலயமணியில்லை. ஊருக்கு ஒருவர் நாட்காட்டியைக் கணித்துத் திருநாள்களையும் ஒருசந்தி நாள்களையும் அண்டை வீட்டாருக்கு இரகசியமாக அறிவித்தார். மற்றொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார். தந்தையிடமிருந்து மகனுக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இது நடந்தது.

1865-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் உரக்காமியிலிருந்து சிலர் நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஆலயத்துக்கு வந்து, பெத்திழான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் தாங்களும் அதே விசுவாசிகளே என்று தெரிவித்தனர். அன்று துக்க காலத்தின் பதினேழாம் நாள் என்றும் கூறினர். திருநீற்றுப் புதன் அவ்வாண்டில் மார்ச் 1-ஆம் நாள் வந்தது. எண்ணிப் பாருங்கள், வாசகர்களே! பதினேழாம் நாள், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இரும்பும் பித்தளையும் கொண்டு கதிரவனைத் தொடர்ந்த கைவினைஞரின் அறிவைக் காட்சிசாலைகள் நமக்குக் காட்டுகின்றன. அது போற்றத்தக்கது. காமிகுச்சியும் ஹொண்டாவும் போன்றோர் காத்திராவிட்டால் அதுவும் நம் கண்ணுக்குக் கிட்டியிராது. எந்தப் பேழையிலும் அடங்காத மற்றொரு காவலை உரக்காமியின் ஏழை உழவர்கள் செய்தனர். பிள்ளைகளுக்கு ஒரு திருநாளின் பெயரையும், அது வரும் நாளையும், அன்று சொல்லும் செபத்தையும் சொல்லிக் கொடுப்பது சிறு செயலாகத் தோன்றலாம். அந்தச் சிறு செயலை ஏழு தலைமுறை இடைவிடாமல் செய்ததனால்தான், கதவு திறந்த நாளில் ஜப்பானியத் திருச்சபை உயிரோடு இருந்தது.